வெளிநாட்டு வேலையும் என்-400 விண்ணப்பமும்: ஒரு குடிவரவுச் சட்ட அலுவலகத்தின் சேவை பற்றி

அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மணந்து, அந்தத் திருமணத்தின் அடிப்படையில் என்-400 என்ற படிவத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணலுக்குக் காத்திருந்த வேளையில், சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கு இரண்டாண்டு வேலைக்கான அழைப்பு வந்தது. போகலாமா, போனால் விண்ணப்பம் என்னவாகும் என்று தெரிந்துகொள்வதற்காக 2024 ஜூலையில் இரண்டு இடங்களில் பணம் கட்டினேன். ஒன்று, குடிவரவுப் படிவங்களை நிரப்பித் தரும் இணையச் சேவை. மற்றொன்று, மூன்றே வழக்கறிஞர்கள் பணிபுரியும் ஒரு சிறிய சட்ட அலுவலகம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் இரண்டின் பெயரையும் தவிர்க்கிறேன். ஐந்துக்கு இணையச் சேவைக்கு ஒன்றரையும் சட்ட அலுவலகத்துக்கு நான்கும் கொடுப்பேன். அந்த நான்கில் பெரும்பகுதி, அந்த வழக்கறிஞர் எனக்கு அளித்த பதில்களுக்காக அல்ல, பதில் சொல்வதற்கு முன் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்காகவே.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமணமாகி இரண்டாண்டு நிறைவதற்குள் கிரீன் கார்டு கிடைத்ததால், 2021 ஜூனில் எனக்குத் தரப்பட்டது இரண்டாண்டு நிபந்தனைக் கார்டு. அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தை 2023-இல் அனுப்பியிருந்தேன். அது முடிவாகாமலே கிடந்தது. கார்டின் செல்லுபடிக் காலத்தை 48 மாதங்கள் நீட்டிக்கும் கடிதம் மட்டும் கையில் இருந்தது. இதற்கிடையில் மூன்றாண்டு விதியின் கீழ் 2024 ஏப்ரலில் என்-400 படிவத்தை இணையவழியே தாக்கல் செய்தேன். கட்டணம் 710 டாலர்; காகிதத்தில் அனுப்பியிருந்தால் 760. பொதுவாகக் கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டிய இடத்தில், ஒரே அமெரிக்கக் குடிமகனோடு மூன்றாண்டுகள் மணவாழ்க்கையில் சேர்ந்து வாழ்ந்தவருக்கு மூன்றாண்டு போதும் என்பதே அந்த விதி. அந்த மூன்றாண்டில் குறைந்தது 18 மாதங்கள், அதாவது 548 நாட்கள், நேரில் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஆயிரம் நாட்களுக்கு மேலேயே இருந்ததால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். தாண்ட வேண்டிய மீதிப் பாதி எது என்று எனக்கு அப்போது தெரியாது.

இணையச் சேவையை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். அதன் கேள்விப் பட்டியல் தெளிவாக இருந்தது. முகவரி, வேலை, பயண விவரங்களை வரிசையாகக் கேட்டு, விடுபட்ட இடங்களைச் சிவப்பில் காட்டியது. ஏப்ரலில் விண்ணப்பம் பிழையின்றிப் போனதற்கு அதுவே காரணம். ஆனால் அது கேட்டதெல்லாம் கடந்த காலத்தைப் பற்றி மட்டுமே. ஜூலையில் வேலை அழைப்பு வந்த பிறகு, கூடுதல் கட்டணம் செலுத்தி அவர்களுடைய 'நிபுணர் அரட்டை'யில் கேட்டபோது, ஐ-131 படிவம் போட்டு ரீஎன்ட்ரி பெர்மிட் (மறுநுழைவு அனுமதி) வாங்கிக்கொண்டால் இரண்டாண்டு கவலையின்றி வெளிநாட்டில் இருக்கலாம் என்று நான்கே வரிகளில் பதில் வந்தது. அந்தப் பதில் பொய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அது ஆபத்தானது. ரீஎன்ட்ரி பெர்மிட் வைத்திருப்பவர் நெடுநாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பும்போது, அந்த இடைவெளியை மட்டுமே காரணம் காட்டி அவர் கிரீன் கார்டைக் கைவிட்டுவிட்டதாகக் கொள்ள மாட்டார்கள். ஆனால் குடியுரிமைக்கான தொடர் வசிப்புக் கணக்குக்கு, அதாவது அமெரிக்காவில் இடையறாமல் குடியிருந்தாரா என்று பார்க்கும் கணக்குக்கு, அந்தப் பெர்மிட் எந்த வகையிலும் உதவாது. கிரீன் கார்டைக் காப்பாற்றுவது ஒன்று, குடியுரிமை விண்ணப்பத்தைக் காப்பாற்றுவது வேறொன்று. இந்த வேறுபாட்டை அந்த அரட்டையில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தப் பதிலை நம்பி நான் விமானம் ஏறியிருந்தால், கார்டு பத்திரமாக இருந்திருக்கும், என்-400 செத்திருக்கும்.

சட்ட அலுவலகத்தில் முதல் ஒரு மணி நேர ஆலோசனைக்கு 300 டாலர் வாங்கினார்கள். போகும்போதே புதிய பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட், கணவருடைய பாஸ்போர்ட், மூன்றாண்டு வரித்தாக்கல் நகல்கள் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். சம்பளம், பதவி என்று நான் ஆர்வமாகச் சொல்லத் தொடங்கியதை அந்த வழக்கறிஞர் கையமர்த்தி நிறுத்தி, 'சம்பளம் யார் கொடுக்கிறார்கள், அமெரிக்க நிறுவனமா, சிங்கப்பூர் நிறுவனமா?' என்று கேட்டார். அடுத்து, 'வேலை உங்களுக்கா, உங்கள் கணவருக்கா?' என்றார். பிறகு, 'இங்கே இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிடுவீர்களா? வீடு யார் பெயரில் இருக்கிறது? கணவர் உங்களோடு வருவாரா, இங்கேயே இருப்பாரா?' என்று அடுக்கினார். இவற்றுக்கும் என் விண்ணப்பத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கால் மணி நேரம் கழித்து, சட்டத்தின் ஒவ்வொரு கதவும் இந்தக் கேள்விகளில் ஒன்றை வைத்துத்தான் திறக்கிறது அல்லது மூடுகிறது என்று அவர் காட்டினார்.

முதல் கதவு, அமெரிக்கக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 319-ஆம் பிரிவில் உள்ள 'பி' உட்பிரிவு. அமெரிக்கக் குடிமகனான கணவரை அல்லது குடிமகளான மனைவியை அமெரிக்க அரசோ, வெளிநாட்டு வணிகத்தில் ஈடுபட்டிருக்கும் அமெரிக்க நிறுவனமோ, அதன் துணை நிறுவனமோ, அங்கீகாரம் பெற்ற அமெரிக்க ஆய்வு நிறுவனமோ, அமெரிக்கா உறுப்பினராக உள்ள பன்னாட்டு அமைப்போ குறைந்தது ஓராண்டுக்கு வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பினால், அவரோடு சென்று வாழப்போகும் துணைவர் மூன்றாண்டுக் காத்திருப்பும் 18 மாதக் கணக்கும் இல்லாமலே குடியுரிமை பெறலாம். கிரீன் கார்டு மட்டும் இருக்க வேண்டும். துணைவரின் பணி முடிந்ததும் அமெரிக்கா திரும்பி வாழும் எண்ணமும் இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் பலர் எனக்குச் சொல்லியிருந்த 'வெளிநாட்டு வேலை என்றால் உடனே சிட்டிசன்ஷிப் கொடுத்துவிடுவார்கள்' என்ற பேச்சின் மூலம் இதுதான். ஆனால் இங்கே கணக்கில் வருவது குடிமகனின் வேலையே தவிர விண்ணப்பதாரரின் வேலை அல்ல. வேலை என்னுடையது, கணவர் இங்கேயே பணியைத் தொடரப் போகிறார். அந்தக் கதவு எனக்கு மூடியே இருந்தது.

இரண்டாவது கதவு என்-470 படிவம். விண்ணப்பதாரரே வெளிநாடு செல்ல வேண்டியிருந்தால், தொடர் வசிப்பு அறுந்து போகாமல் காக்க இதைக் கேட்கலாம். இதற்கும் நிபந்தனைகள் உண்டு: வேலை கொடுப்பது அமெரிக்க அரசு, அமெரிக்க நிறுவனம் போன்ற வரையறுத்த வகைக்குள் வர வேண்டும்; கிரீன் கார்டு பெற்ற பின் ஒரு நாள்கூட வெளியே போகாமல் ஓராண்டு முழுவதும் இங்கே இருந்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டது முழுக்க முழுக்கச் சிங்கப்பூர் நிறுவனம் என்பதால் இதுவும் ஆகவில்லை. இதே வேலையை ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சிங்கப்பூர் கிளை கொடுத்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றார் வழக்கறிஞர். சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று அவர் முதலிலேயே கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டும் இல்லையென்றால் மிஞ்சுவது பொது விதி. நான் தாண்டாமல் விட்டிருந்த மீதிப் பாதிக் கிணறு இதுதான். 18 மாதக் கணக்கு விண்ணப்பிக்கும் நாளோடு முடிந்துவிடும். தொடர் வசிப்பு அப்படி முடியாது. விண்ணப்பித்த நாளிலிருந்து, குடியுரிமை பெறுவதற்கான உறுதிமொழி ஏற்கும் நாள் வரை அது அறுபடாமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் ஒரே மூச்சில் வெளியே இருந்தால், வசிப்பு அறுந்துவிட்டதாகவே கருதுவார்கள்; இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் அந்த வாதத்துக்கும் இடமில்லை. திரும்பி வந்து, மூன்றாண்டு விதிக்காரர் இரண்டாண்டும் ஒரு நாளும் காத்திருந்துதான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். ஆறு மாதம் தாண்டியவர் தன் பக்கத்தை நிரூபிக்க என்னென்ன காட்டலாம் என்று விதிமுறையிலேயே எடுத்துக்காட்டுகள் தரப்பட்டிருக்கின்றன. வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பென்சிலால் நான்கு வரிகளுக்கு எதிரே குறியிட்டு என் பக்கம் நகர்த்தினார்: அமெரிக்க வேலையை விடவில்லை; நெருங்கிய குடும்பத்தார் அமெரிக்காவிலேயே இருந்தனர்; அமெரிக்க வீட்டைத் தடையின்றிப் பயன்படுத்தும் நிலையில் இருந்தார்; வெளிநாட்டில் வேலை எதிலும் சேரவில்லை. நான்கில் இரண்டு எனக்குச் சாதகம். முதலாவதற்கும் நான்காவதற்கும் நேர்மாறானதைத்தான் செய்யப்போவதாகச் சொல்லி நான் அவர் முன் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு அவர் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்து மாதத்துக்கு ஒரு முறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதாதா என்று கேட்டேன். இந்த யோசனை எல்லோருக்கும் தோன்றும் போலிருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே, சட்டத்தில் 'வசிப்பிடம்' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள பொருளைப் படித்துக் காட்டினார். ஒருவர் உண்மையில் குடியிருக்கும் முதன்மையான இடமே வசிப்பிடம், அவருடைய எண்ணம் கணக்கில் வராது என்பது அதன் சாரம். ஒவ்வொரு பயணமும் ஆறு மாதத்துக்குள் அடங்கினாலும், வேலை சிங்கப்பூரில், வாடகை வீடு சிங்கப்பூரில், இங்கே வந்து போவது விருந்தாளியைப் போல என்றால், அதிகாரி கேள்வி கேட்கத்தான் செய்வார். வரியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தந்தார். வெளிநாட்டில் சம்பாதிக்கும் கிரீன் கார்டுதாரர் அமெரிக்க வரியைக் குறைப்பதற்காகத் தன்னை இந்நாட்டில் வசிக்காத அந்நியர் என்று வரித்தாக்கலில் காட்டிக்கொண்டால், அந்த ஒரு கட்டமே அவர் நிரந்தரவாசி நிலையைக் கைவிட்டதாகக் கருத இடம் கொடுத்துவிடும். வரி ஆலோசகர் ஒருவர் நல்ல மனத்தோடு எனக்குச் சொல்லியிருந்த யோசனை அதுவேதான்.

ஆகவே அவர் தந்த அறிவுரை மிகச் சாதாரணமானது: வேலையை மறுக்க வேண்டாம், சேரும் தேதியை மட்டும் தள்ளிப்போடுங்கள். 'உறுதிமொழி ஏற்ற பின் சேர்கிறேன்' என்று எழுதாமல், 2025 பிப்ரவரி என்று தேதி குறித்துக் கேட்கச் சொன்னார். நிறுவனங்கள் காரணத்தைவிடத் தேதியை எளிதில் ஏற்கும் என்பது அவருடைய அனுபவம். நிறுவனம் ஒப்புக்கொண்டது. இடையில் பத்து நாள் அறிமுகச் சந்திப்புகளுக்காக ஒரே ஒரு முறை போய் வந்தேன். அதற்கும் முன்பே அவரிடம் கேட்டு, கைரேகைக்கோ நேர்காணலுக்கோ அழைப்பு வந்துவிடாத இடைவெளியாகப் பார்த்துத்தான் பயணச்சீட்டு எடுத்தேன். நேர்காணலுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகாமலிருந்து, 30 நாட்களுக்குள் காரணமும் தெரிவிக்காவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக மூடி வைத்துவிடுவார்கள் என்பதை அந்த அலுவலகம் இரண்டு முறை மின்னஞ்சலில் நினைவூட்டியது.

இனிக் குறைகள். வழக்கறிஞர் எவ்வளவு கவனமானவரோ, அவருடைய உதவியாளர் அவ்வளவு அவசரக்காரர். நேர்காணலுக்காக என் பயணப் பட்டியலைப் புதுப்பித்துத் தட்டச்சு செய்தவர் அவர்தான். 2023-இல் ஓர் ஐரோப்பிய விமான நிலையத்தில் குத்திய முத்திரையில் '05 09 23' என்று இருந்தது. அங்கே நாள் முதலில், மாதம் அடுத்து. அதாவது செப்டம்பர் 5. அமெரிக்க வழக்கத்தில் மாதத்தை முதலில் படித்த உதவியாளர் அதை மே 9 ஆக்கிவிட்டார். செப்டம்பர் 20 அன்று திரும்பிய முத்திரையோடு சேர்த்துப் பார்த்தால், இரண்டு வாரப் பயணம் நான்கரை மாதப் பயணமாகப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. ஏப்ரலில் தாக்கல் செய்த படிவத்தில் சரியான தேதி இருக்க, நேர்காணலில் வேறு தேதி கொண்ட தாளை நீட்டினால் அதிகாரி என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தின இரவு என் கணவர்தான் அந்த வரியில் விரல் வைத்து, 'இவ்வளவு நாள் நீ எங்கே போயிருந்தாய்?' என்று கேட்டார். காலையில் தொலைபேசியில் யாரும் எடுக்கவில்லை. நாங்களே சரியான பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போனோம். வழக்கறிஞர் வாசலில் வாங்கிப் பார்த்து மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும் என்ற நுணுக்கம் வரை எனக்குச் சொல்லித்தந்த அலுவலகத்தில் இந்தப் பிழை நடந்ததுதான் வேடிக்கை.

முதல் ஆலோசனைக்குப் பிறகு கட்டணம் ஆறு நிமிடக் கணக்கு. ஒரு மின்னஞ்சலைப் படிக்க 0.1 மணி நேரம், பதில் எழுத இன்னொரு 0.1 என்று பில் வரும். இது வழக்கறிஞர்களிடையே பரவலான முறைதான். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே மின்னஞ்சலாக அனுப்பினால் செலவு குறையும் என்பதை மூன்றாவது பில்லைப் பார்த்த பிறகே நானாகக் கற்றுக்கொண்டேன்.

நேர்காணல் 2024 டிசம்பரில் நடந்தது. ஐ-751 கோப்பையும் அதே அதிகாரி எடுத்து வைத்திருந்தார். அது முடிவாகாமல் என்-400-ஐ அங்கீகரிக்க முடியாது. கூட்டு வரித்தாக்கல், இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கைகள் எல்லாவற்றையும் சட்ட அலுவலகத்தார் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் எந்த மாதத்துக்கு உரியது என்று ஒட்டுச்சீட்டு வைத்துத் தந்திருந்தார்கள். அதிகாரி அவற்றில் மூன்றைத்தான் புரட்டினார். வெளிநாட்டில் வேலைக்குச் சேரும் திட்டம் உண்டா என்று கேட்டார். உண்டு, பிப்ரவரியில் என்று உள்ளதைச் சொன்னேன். மறைக்கவே கூடாது என்று வழக்கறிஞர் முன்பே உறுதியாகக் கூறியிருந்தார். இதுவரை இங்கே வசித்திருக்கிறீர்களா என்பதே சட்டத்தின் கேள்வி, உறுதிமொழிக்குப் பின் எங்கே வாழ்வீர்கள் என்பது அல்ல என்று அவர் விளக்கியிருந்தார். குடியுரிமை பெற்று ஓராண்டுக்குள் வெளிநாட்டில் குடியேறுபவர் நிலையாக வாழும் எண்ணமின்றியே விண்ணப்பித்தார் என்று அனுமானித்து அதைப் பறிக்க வழிசெய்யும் பிரிவு ஒன்று முன்பு இருந்ததாம். 1994-இல் அதை நீக்கிவிட்டார்கள். இந்தத் தகவல் ஒன்றுக்கே அந்த 300 டாலர் தகும் என்று அன்று தோன்றியது.

உறுதிமொழி விழா 2025 ஜனவரி இறுதியில். நேர்காணலுக்குப் பின் நாட்டைவிட்டு வெளியே போனீர்களா, திருமண நிலை மாறியதா என்றெல்லாம் கேட்கும் என்-445 படிவத்தை நிரப்பி எடுத்துப் போக வேண்டும். கிரீன் கார்டை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அலுவலகம் எனக்குச் சொல்லத் தவறியது இங்கேதான். கார்டு போய்விட்டது, அமெரிக்க பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு குடியுரிமைச் சான்றிதழின் மூலப்பிரதியையும் அனுப்பியாக வேண்டும். ஆக, கையில் பயண ஆவணம் என்று சொல்ல ஒன்றுமில்லாத சில நாட்கள் கட்டாயம் வரும். ஆறு நாள் கழித்துப் பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்த நான், 14 நாட்களுக்குள் வெளிநாடு செல்பவர்களுக்கான பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரம் வாங்கி ஓட வேண்டியதாயிற்று. அது கைக்கு வந்த பிறகு அடுத்த முடிச்சு: சிங்கப்பூர் வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தில் இருந்ததோ என் பழைய பாஸ்போர்ட் எண்ணும் பழைய குடியுரிமையும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அதை மாற்றி வாங்க ஒன்பது நாட்கள் ஆயின. பயணச்சீட்டை மாற்றிய செலவு என்னுடையது.

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று வழக்கறிஞருக்கு எழுதினேன். அது வேறொரு நாட்டின் சட்டம், அதில் ஆலோசனை சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. சரியான பதில்தான். அந்த ஒரு வரிக்கும் 0.1 மணி நேரக் கட்டணம் அடுத்த பில்லில் இருந்தது.